செவலையைப் பார்க்கப் போனோம்

போன வாரம் நம் அடுக்ககத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் சின்ன வயதில் போன முதல் நெடும்பயணத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் காசி என்றார். இன்னொருவர் டில்லி என்றார், அதுவும் ரயில் ஜன்னலோரம். என் முறை வந்தபோது, "ஆம்பூர் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்கு. ஸ்கூட்டரில். விற்றுவிட்ட எங்கள் மாட்டைப் பார்த்துவிட்டு வர" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குள் கொசு வந்துவிட்டது, பேச்சும் கலைந்தது. வீட்டுக்கு வந்தபின் எனக்கு மனசு ஆறவில்லை. அறுபது வயதுக்குமேல் பாதிக் கதையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. மீதியை எழுதிவிடுகிறேன். மூட்டுவலித் தைலத்துக்கும் பேரப்பிள்ளைகளின் வீடியோ அழைப்புக்கும் நடுவில் நேரம் கிடைத்தால் படியுங்கள்.

நாங்கள் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைக்காரர்கள். அப்பாவை எங்கள் பக்கத்தில் நைனா என்போம். நைனாவுக்கு ஆவடியில் ஃபாக்டரி வேலை. காக்கிச் சட்டையின் மடிப்புக் கலையாமல் போய் மடிப்புக் கலையாமல் திரும்புகிற ஆள். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தால் சோற்றில் கை வைக்க மாட்டார். வீட்டில் ஒரு மாடு இருந்தது, செவலை. நிறத்தை வைத்து வந்த பெயர், வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது முழுக்க அம்மாவின் பொறுப்பு. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்தால் செவலையும் எழுந்துகொள்ளும். மடியைக் கழுவி, விரலில் விளக்கெண்ணெய் தொட்டு, கன்றை ஒரு வாய் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டிவிட்டு அம்மா உட்காருவாள். பித்தளைச் செம்பில் முதல் பால் விழும் சத்தத்தில்தான் நான் புரண்டு படுப்பேன்.

கறப்பதற்கென்றே அம்மாவிடம் ஒரு பழைய நூல் புடவை இருந்தது. பச்சையா நீலமா என்று அடித்துச் சொல்ல முடியாத நிறம். கட்டியிருக்கிற புடவைமேல் அதைச் சுற்றிக்கொண்டு உட்காருவாள். பால்புடவை என்போம். வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் போடுவாளே தவிர, சோப்பு காட்ட மாட்டாள். ஒருமுறை அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். வேறு வழியில்லாமல் நைனா அந்தப் புடவையை முக்காடு போட்டுக்கொண்டு கறக்க உட்கார்ந்தார். செவலை திரும்பி அவர் முதுகை ஒரு தரம் முகர்ந்தது, அப்புறம் சமர்த்தாகப் பால் விட்டது. "கலரப் பாத்து ஏமாந்துச்சி பாரு!" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார் நைனா. அவர் அப்படித்தான் நம்பினார்.

எனக்குப் பத்து வயதானபோது அந்த வீடு பங்கு பிரிந்தது. பெரியப்பா தன் பங்கையும் மேய்ச்சலுக்கு இருந்த காலியிடத்தையும் மனைபோட்டு விற்றார். அதே சமயம், வருஷக்கணக்காய்க் காத்திருந்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் நைனாவுக்குக் கிடைத்தது. அங்கே மாடு வைத்துக்கொள்ளக் கூடாது. நைனா அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "இனிமே சாணி வார வாணாம்மே. நாலு மணிக்கு எய்ந்திரிக்க வாணாம். தொறந்தா தண்ணி கொட்ற கொயாய், ராணி மாதிரி குந்திகினு இரு" என்றார். அம்மாவுக்கு அவர் கொடுத்த பெரிய பரிசு அது என்று மனதார நம்பினார். அம்மா சரி என்றோ வேண்டாம் என்றோ சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. யாரும் கேட்டதாகவும் ஞாபகமில்லை.

ஆம்பூர் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்காகத் தரகர் வந்து செவலையையும் கன்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவந்து மாட்டிக்கொள்ள வேண்டும். தரகர் புதுக்கயிற்றைப் பூட்டும்வரை அம்மா செவலையின் கழுத்தடியைச் சொறிந்துகொண்டே நின்றாள். லாரி ஏரிக்கரையைத் தாண்டியதும் உள்ளே போய் உலை வைத்தாள்.

குவார்ட்டர்ஸில் எனக்கு வேறு தொல்லை. அங்கிருந்த பெண்பிள்ளைகள் என்னைப் பாண்டி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் கிட்டே போனால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். "இவ மேல மாட்டு வாசன வருதுடி" என்பார்கள். நான் கிணற்றடியில் குளித்தே வளர்ந்தவள். அந்தக் கோடையில் குழாயடியில் நின்று ஒரு நாளைக்கு மூன்று தடவை சோப்புப் போட்டேன். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. அவள் நாலு மணிக்கு எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் படுத்திருப்பேன். பெரியவர்கள் விடிகாலையில் சும்மா உட்காருவார்கள் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

மே மாதம் பண்ணைக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நைனா உரக்கப் படித்தார். செவலை கன்றுக்கு மட்டும் சுரக்கிறதாம். கன்றை விலக்கிவிட்டு ஆள் உட்கார்ந்ததும் பாலை அடக்கிக்கொண்டு உதைக்கிறதாம். இரண்டு கறவைக்காரர்களுக்கு முட்டியில் அடி. வீட்டு அம்மாள் கறக்கும்போது கட்டிய புடவை ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு ஒருமுறை நேரில் வரவும். அதற்கும் வழிக்கு வரவில்லையென்றால் வேறு ஏற்பாடு செய்யவேண்டியிருக்கும். வேறு ஏற்பாடு என்றால் அடிமாடு என்று எனக்கே தெரிந்தது. அம்மா முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"எப்போ போறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

கிளம்புவதற்கு முதல் நாள், செவலைக்குப் பிடிக்கும் என்று அகத்திக்கீரை ஒடித்துவர அம்மா கோவில்பதாகை அத்தை வீட்டுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து நைனா பால்புடவையை எடுத்து ஊறவைத்தார். நைனா துணி துவைத்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பார் சோப்புத் தேய்த்து, அடித்து, அலசி, நீலம் போட்டு, சோற்றுக் கஞ்சியில் முக்கியெடுத்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் முறுக்கினார்.

"நைனா, செவலைக்கு அடையாளம் தெரியுமா?"

"கலரு அப்டியேதான கீது? ஃபாக்டரிக்காரன் பொண்டாட்டி நாத்தம்புடிச்ச துணியத் தூக்கிகினு வந்துகீறான்னு நாலு பேரு பேசக் கூடாது பாப்பா. உங்கம்மாகிட்ட சொல்லாத. அங்க போயி பாத்து அசந்துபோவட்டும்."

காய்ந்ததும் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கொடுத்துத் தேய்த்து வாங்கி, பைக்குள் அடியில் வைத்தார். எனக்கும் அது நல்ல காரியமாகவே பட்டது. சோப்பு வாசனைமேல் எனக்கு அந்தச் சமயத்தில் அவ்வளவு பக்தி.

மறுநாள் வெளிச்சம் வருமுன் கிளம்பினோம். அந்த ஸ்கூட்டர் ஐந்தாறு கை மாறி வந்தது. ஒருபக்கமாகச் சாய்த்து உதைத்தால்தான் உயிர் வரும். நான் முன்னால் நின்றுகொண்டேன், காலுக்கடியில் புண்ணாக்குப் பை. அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து மடியில் அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டாள். தன்னிடமிருந்த ஒரே நல்ல புடவையை, கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். "மாட்டப் பாக்கப் போறியா, சம்பந்தி ஊட்டுக்குப் போறியா?" என்று நைனா கிண்டல் செய்தார். "ரெண்டும் ஒண்ணுதான், ஓட்டுய்யா" என்றாள் அம்மா.

பூந்தமல்லியில் பூக்கடைகளின் ஈரவாசனை. அதைத் தாண்டினால் பெங்களூர் ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். இப்போது மேம்பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் கடந்துவிடுகிற தூரத்துக்கு எங்களுக்கு அரைக்காலை ஆனது. ஸ்ரீபெரும்புதூரில் டீ. கண்ணில் பட்ட பம்புசெட்டில் எல்லாம் அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி அகத்திக்கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள். வாலாஜாவுக்கு முன்னால் வண்டி நின்றுபோனது. நைனா பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்க, புளியமரத்தடியில் நாங்கள் புளிச்சோறு தின்றோம். பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது.

எனக்கு முன்னால் ஸ்கூட்டரின் வட்டக் கண்ணாடி இருந்தது. அதில் நைனாவின் தோள் தெரியும், தோள்மேல் அம்மாவின் கை தெரியும். காற்றில் நைனா ஏதோ கத்துவார், அம்மா அவர் காதருகே குனிந்து பதில் சொல்லிச் சிரிப்பாள். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவரை அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணாடியை ஒருதரம் மறுபடி பார்க்கக் கிடைத்தால் போதும் என்று இப்போது ஏங்குகிறேன். வேறு ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை.

பண்ணை ஆம்பூருக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருந்தது. நீளமான ஓட்டுக் கொட்டகைகள், வரிசையாக மாடுகள். ஒவ்வொன்றின் காதிலும் எண் அடித்த தகரத் துண்டு. பண்ணைக்காரர் தோளில் துண்டோடு வந்து மரியாதையாக வரவேற்றார்.

"வாங்கம்மா. உங்க மாடு பெரிய ரோசக்காரிம்மா. நாப்பத்தியொண்ணாம் நம்பரு, அந்தக் கடைசி வரிசை."

அம்மாவுக்கு எண் வேண்டியிருக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று, "செவல..." என்றாள், அதுவும் உரக்கக்கூட இல்லை. அத்தனை முதுகுகளுக்கு நடுவே ஒரு தலை மட்டும் திரும்பியது. அம்மா அரக்குப் புடவையைப் பார்க்காமல் சாணித் தரையில் ஓடினாள். வாடிக் கறுத்துப்போன அகத்திக்கீரையை செவலை காம்புகூட விடாமல் தின்றது. விலாவெலும்பு தெரிந்தது.

சாயங்காலக் கறவைக்கு எல்லோரும் கூடினார்கள். பண்ணைக்காரர் புடவையைக் கேட்டார். நைனா பெருமையாகப் பையிலிருந்து எடுத்து உதறினார். கஞ்சிப் புடவை படபடவென்று பிரிந்தது. அம்மா அதை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நாந்தான் தோச்சேன்" என்றார் நைனா.

அம்மா அதைக் கறவைக்காரரிடம் நீட்டினாள். அவர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். செவலை திரும்பி முகர்ந்தது, மூச்சைச் சீறிவிட்டது, அடுத்த நொடி செம்பு ஒருபக்கமும் அவர் ஒருபக்கமும் கிடந்தார்கள்.

"மோந்தா பாக்குது அது?" என்று நைனா மெல்லக் கேட்டார்.

"பின்ன, கண்ணாடி போட்டுகினா பாக்கும்?" என்றாள் அம்மா.

நைனாவின் முகம் சுருங்கியதை நான் மறக்கவில்லை. அம்மா அரக்குப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். செவலை அவள் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. செம்பு நுரைத்து நிறைந்தது.

பண்ணைக்காரர் நல்ல மனுஷர், ஆனால் வியாபாரி. "இது உங்க கைக்குத்தாம்மா அடங்குது. நீங்க இங்கயே இருக்க முடியாது. திருப்பிக் கூட்டிகினு போறதுன்னா போங்க, நான் குறுக்க நிக்கல. இல்லன்னா ஞாயித்துக்கெழம அடிமாட்டு ஆளு வராரு. காலைல சொல்லுங்க" என்றார்.

அன்றிரவு பண்ணையிலேயே சாப்பிட உட்கார்ந்தபோது நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"கூட்டிகினு போய்டலாம்மே. குவார்ட்டர்ஸ வாணான்னு எய்திக் குடுத்துட்றேன். பட்டாபிராம் பக்கம் ஒரு கொட்டா போட்டுகினு இருந்துக்கலாம்."

அவர் எத்தனை வருஷம் காத்திருந்து வாங்கிய வீடு அது என்று நமக்குத் தெரியும், நம் வீட்டு ஆண்களும் அப்படி வரிசையில் நின்றவர்கள்தானே. அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "காலைல பாக்கலாம், துன்னு" என்றாள். ஆனால் அவள் முகம் மலர்ந்துவிட்டது. செவலை எங்களோடு வரப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

விடிகாலையில் அம்மா என்னை எழுப்பினாள். கறந்து முடித்திருந்தாள். தொட்டியருகே என்னை உட்காரவைத்து முகத்தைத் துடைத்துவிட்டாள். நைனா தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, நெஜமா சொல்லணும். குவார்ட்டர்ஸ் உனுக்குப் புடிச்சிகீதா?"

"புடிச்சிகீதுமா."

"இன்னா புடிச்சிகீது?"

அந்த வாரம்தான் அந்தப் பெண்பிள்ளைகள் முதல் தடவையாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "என்னிய ஆட்டத்துல சேத்துக்கிறாங்கமா. இப்பல்லாம் என் மேல மாட்டு வாசன வர்லியாம்" என்றேன்.

அம்மா என்னை இழுத்து உச்சந்தலையை முகர்ந்து பார்த்தாள்.

"ஆமா. வர்ல" என்றாள்.

எழுந்து போய்ப் பண்ணைக்காரரின் மனைவியிடம் ஒரு அறை கேட்டாள். உள்ளே போனவள் அந்தக் கஞ்சிபோட்ட பால்புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அரக்குப் புடவை கையில் இருந்தது. இருநூறு கிலோமீட்டர் வேர்வையும், இரண்டு வேளைக் கறவையும், செவலையின் எச்சிலும் ஏறிய புடவை. அதைக் கறவைக்காரரிடம் கொடுத்து, "சோப்புப் போடாதீங்கண்ணா" என்றாள். கன்றுக்கென்று செவலையின் மடியில் கொஞ்சம் பால் விட்டு வைத்திருந்தாள்போலும். அவர் சுற்றிக்கொண்டு போனார். அம்மா கொட்டகைச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டாள். தன்னைப் பார்த்தால் செவலை அவரை அண்டவிடாது என்று அவளுக்குத் தெரியும். நானும் அதற்குள் எழுந்துவந்த நைனாவும் பக்கத்தில் நின்றோம். ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு செம்பில் பால் விழும் சத்தம், ஒரு பீச்சு, இன்னொரு பீச்சு. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போலாம்யா" என்றாள். செவலையிடம் சொல்லிக்கொள்ளாமலேதான் கிளம்பினோம்.

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலூர் வரைக்கும், "கூட்டிகினு போலான்னு சொன்னேனேமே" என்று நாலைந்து தடவை கேட்டார். அம்மா, "அங்க தீனி நல்லா கீது" என்று மட்டும் சொன்னாள். டீக்கடைகளில் ஜனங்கள் அம்மாவின் புடவையைப் பார்த்தார்கள். காஞ்சிபுரம் தாண்டி நைனா வண்டியை ஓரங்கட்டினார்.

"தப்புப் பண்ணிட்டேன்மே. தோச்சிருக்கக் கூடாது."

"நல்லாத்தான் தோச்சிகீற. கஞ்சிதான் கொஞ்சம் தூக்கல்" என்றாள் அம்மா. அன்று முழுவதும் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் நைனாவை விடவில்லை. மாட்டை விற்றுப் பெண்டாட்டியை அழவைத்தவன் என்று கல்யாணத்திலும் சாவிலும் குத்திக்காட்டுவார்கள். அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார், புடவை துவைத்ததால்தான் எல்லாம் கெட்டது என்று கடைசிவரை நம்பினார். அன்று தொட்டியருகே அம்மாவிடம் நான் சொன்னதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முதலில் எனக்கே புரியவில்லை. புரிந்த வயதில் வெட்கமாக இருந்தது. நைனா போனபிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆடி மாதம் பண்ணைக்காரரிடமிருந்து இன்னொரு கார்டு வந்தது. நான் பாண்டி ஆடிவிட்டு வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்த நேரம். நைனா குஷியாகப் படித்துக்காட்டினார். செவலை தேறிவிட்டதாம். இப்போது புடவையே தேவைப்படுவதில்லையாம். பண்ணைக்குப் பழகிப்போய், யார் உட்கார்ந்தாலும் அடக்காமல் பால் தருகிறதாம்.

"பாத்தியாமே, பொயச்சிகிச்சி! நல்லா பயகிகிச்சி!"

அம்மா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். அந்தக் கார்டை வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாதவள், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அதுவே பயகிகிச்சி. நான் பயகிக்க மாட்டனா?"

நைனாவுக்குத்தான் பதில் சொன்னாள். ஆனால் சொன்னபோது அவள் பார்த்தது என்னை.